மணலில் எழுதிய விரல்

புதிய கருவியொன்று வகுப்பறையினுட் புகும்பொழுதெல்லாம் முதலில் அஞ்சுபவர் ஆசிரியரேயாவர். மாணவனுக்கு எல்லாமே புதியன. ஆதலால் மேலும் ஒன்று வந்து சேர்வதால் அவனுக்கு யாதொரு நட்டமும் இல்லை. ஆசிரியருக்கோ இழப்பதற்கு ஒரு பெயர் உண்டு. அறிந்தவர் என்னும் அப்பெயரைத் தாங்கிக்கொண்டே அவர் பிள்ளைகளின் முன் நிற்கின்றார். ஆசிரியத் தொழிலுக்குப் பயிலும் இளைஞருக்கும் யுவதிக்கும் அப்பெயர் இன்னும் முற்றாகக் கைவரவில்லை. ஆகவே அவர்தம் அச்சம் இருமடங்காகின்றது.

இவ்வச்சம் கணினியோடு பிறந்ததன்று. அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் முதல் நிகழ்ச்சிகளுள் ஒன்று தமிழ் வழங்கும் நிலத்திலே, அதுவும் மணலிலே, நிகழ்ந்தது என்பதை நேயர் பலர் அறிந்திருத்தல் அரிது.

1787ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்து தேசத்தவரான அன்றூ பெல் என்னும் பாதிரியார் சென்னைக்கு வந்து சேர்ந்தார். 1789இல் எழும்பூரிலே படைவீரரின் ஆண்மக்களுக்கென அமைந்த அநாதைச் சாலையின் மேற்பார்வையை அவர் ஏற்றார். அதற்கெனக் குறித்த ஊதியத்தையும் வேண்டாமென மறுத்தார். அங்கிருந்த பிள்ளைகளிற் பெரும்பாலோர் ஐரோப்பியத் தந்தையருக்கும் இந்தியத் தாய்மாருக்கும் பிறந்தோர். கற்பிப்போர் மிகச் சிலர், கற்போரோ பலர். இந்நிலையில் ஒருநாட் காலை குதிரைமீது சென்ற பெல், ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றைக் கண்டார். ஆங்கே சிறுவர், நிலத்திற் பரப்பிய மணலில் விரலால் எழுதி எழுத்துப் பயின்றுகொண்டிருந்தனர். திண்ணைப் பள்ளிக்கூடத்தை அறிந்த தமிழர் எவருக்கும் அது புதுமையன்று. பெல்லுக்கோ அது பெருங் கண்டுபிடிப்பாகத் தோன்றிற்று. கடதாசி வேண்டாம், மை வேண்டாம், இறகு வேண்டாம். பிழை நேர்ந்தால் உள்ளங்கையால் ஒருமுறை தடவிவிட்டால் மணல் மீண்டும் வெறுமையாகிவிடும்.

விரைந்து திரும்பிய பெல், அரிச்சுவடி வகுப்புக்குப் பொறுப்பாயிருந்த உதவியாசிரியரை அழைத்து, இனி மணலிலேயே எழுத்துக் கற்பிக்குமாறு பணித்தார். உதவியாசிரியர் அது இயலாதென்றார். எத்துணை வற்புறுத்தியும் பயனில்லை. ஈற்றில் பெல், அச்சாலையிற் படித்துவந்த எட்டு வயதுச் சிறுவனான ஜோன் பிரிஸ்கன் என்பவனிடம் அவ்வகுப்பை ஒப்படைத்தார். படைவீரன் ஒருவனின் மகனாகிய அச்சிறுவன், ஆசிரியர் இயலாதென்று கைவிட்டதைச் செய்து காட்டினான். பிள்ளைகள் மணலில் எழுதினர்; எழுத்துக்களைக் கற்றனர்.

இந்நிகழ்ச்சியைக் கல்வி வரலாற்றாசிரியர் பெரும்பாலும் சட்டாம்பிள்ளை முறையின் தொடக்கமெனக் கூறிவிட்டு அப்பாற் செல்வர். ஆயினும் அதனுள் வேறொரு பாடமும் உண்டு. உதவியாசிரியர் எழுத்தறியாதவர் அல்லர்; எட்டு வயதுச் சிறுவனைக் காட்டிலும் அவர் கற்றவர். மணலில் விரலால் எழுதுவது அரிய தொழினுட்பமும் அன்று. ஆகவே அவரிடத்துக் குறைந்திருந்தது அறிவுமன்று, திறனுமன்று. தாம் ஒருமுறையேனும் செய்து பார்த்திராத ஒன்றைப் பிறர்முன் செய்வதற்கு வேண்டிய துணிவே குறைந்திருந்தது. நேற்றுவரை கற்பவனாயிருந்த பிரிஸ்கனுக்கோ தவறுதல் நாணத்துக்குரியதாகத் தோன்றவில்லை. தவறினால் மணலைத் தடவிவிடலாம் என்பதை அவன் விரல் அறிந்திருந்தது.

பெல் 1796இல் தாயகம் திரும்பி, அடுத்த ஆண்டிலே தம் சோதனையைப் பற்றி இலண்டனில் ஒரு நூலை வெளியிட்டார். 1798இல் யோசேப்பு லங்காஸ்ரர் என்பவரும் இலண்டனில் இத்தகைய முறையொன்றைத் தொடங்கினார். முன்னேறிய மாணவர் பின்தங்கிய மாணவருக்குக் கற்பிப்பதே இம்முறையின் சாரம். சென்னை முறை என்ற பெயரோடு அது பல நாடுகளுக்கும் பரவியது. செலவு குறைந்த முறையாதலின் ஆள்வோர் அதனை உவந்து ஏற்றனர்.

ஆயினும் காலப்போக்கில் அதன் குறை வெளிப்படலாயிற்று. சட்டாம்பிள்ளை தான் நேற்றுக் கற்றதை இன்று ஒப்புவித்தான். அதற்கு அப்பால் ஒரு வினா எழுந்தால் அவனிடம் விடை இல்லை. துணிவு இருந்தது, அத்துணிவைத் தாங்கும் கல்வி இருக்கவில்லை. இக்குறையை உணர்ந்த ஜேம்ஸ் கே-ஷட்டில்வேத் என்பார் 1840இல் இலண்டனின் பற்றர்சிப் பகுதியில் ஆசிரியர் பயிற்சிச் சாலையொன்றை நிறுவினார். 1846இல் பிரித்தானிய அரசு மாணவ ஆசிரியர் திட்டத்தைக் கொணர்ந்தது. பதின்மூன்று வயதில் பயிலத் தொடங்கும் ஒருவர் ஐந்து ஆண்டுகள் ஓர் ஆசிரியரின் கீழிருந்து, தாமும் கற்று, பிறருக்கும் கற்பித்து, பின்னர் பயிற்சிக் கல்லூரிக்குச் செல்லலாம் என்பது அதன் ஏற்பாடு. தச்சனும் கொல்லனும் தொழில் பழகுவதுபோல ஆசிரியரும் பழகவேண்டும் என்ற எண்ணம் அங்கே வேரூன்றியது. இலங்கையிலும் 1903இல் கொழும்பில் அரசினர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி நிறுவப்பெற்றது.

இதே காலத்திலேதான் மற்றொரு கருவி உலகெங்கும் வகுப்பறைச் சுவர்களில் ஏறிற்று. அதுவே கரும்பலகை. இன்று கரும்பலகையைத் தொழினுட்பம் என்று எவரும் கருதுவதில்லை. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது கணினியை ஒத்த புதுமையாகவே இருந்தது. 1801இல் அமெரிக்காவின் வெஸ்ற் பொயின்ற் படைத்துறைக் கல்விச் சாலையில் ஜோர்ஜ் பாரன் என்பவர் அதனைக் கொண்டு கணிதம் கற்பித்தார். எடின்பரோ உயர்பள்ளியின் தலைவராயிருந்த ஜேம்ஸ் பிலான்ஸ், வண்ண வெண்கட்டிகளால் தேசப்படம் வரைந்து புவியியல் கற்பித்தார்.

கரும்பலகை வருமுன் ஆசிரியர் தம் இருக்கையில் அமர்ந்திருக்க, மாணவர் ஒவ்வொருவராக அவரண்டை சென்று பாடம் ஒப்புவிப்பதே பல பள்ளிகளில் வழக்கம். அங்கே ஆசிரியரின் பிழையைக் காண்போர் இல்லை. கரும்பலகையோ ஆசிரியரின் கையெழுத்தை, கணக்கை, படத்தை எல்லார் கண்முன்னும் நிறுத்தியது. எழுத்துக் கோணினால் எல்லார்க்கும் தெரியும். கணக்குத் தவறினால் பின்வாங்கிலுள்ள பிள்ளையும் காணும். அதனாலேதான் கரும்பலகை வந்து நாற்பது ஆண்டுகள் சென்றபின்னும், 1841இல், பொஸ்ரன் நகரில் ஜோசையா பம்ஸ்ரெட் என்பவர் தொடக்கப் பள்ளியில் அதனைக் கையாளும் முறையை விளக்கித் தனியொரு நூல் எழுதவேண்டியிருந்தது. கருவி சுவரில் ஏறிவிட்டால் மட்டும் போதாது. அது ஆசிரியரின் கைக்கும் வந்து சேரவேண்டும். அதற்குக் காலம் வேண்டும்; பழக்கம் வேண்டும்.

20ஆம் நூற்றாண்டு பிறந்தபின் கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து வந்தன. 1913இல் தோமஸ் எடிசன், விரைவிலேயே பள்ளிகளிற் புத்தகங்கள் வழக்கொழிந்துவிடும் என்றும், அசையும் படங்களே எல்லாவற்றையும் கற்பிக்கும் என்றும், பத்தாண்டுகளிற் பள்ளி முறை முற்றாக மாறிவிடும் என்றும் கூறினார். பத்தாண்டு சென்றது, புத்தகம் இருந்தது. பின்னர் வானொலி வந்தது, தொலைக்காட்சி வந்தது. லரி கியூபன் என்னும் அமெரிக்கக் கல்வி வரலாற்றாசிரியர், 1920 முதலாக இக்கருவிகள் வகுப்பறையில் அடைந்த கதியை ஆராய்ந்து 1986இல் ஒரு நூல் வெளியிட்டார். ஒவ்வொரு கருவியும் வரும்போது பெரும் ஆரவாரம், பின்னர் ஆராய்ச்சிகள், அதன்பின் ஆசிரியர் அதனைப் போதிய அளவு கையாளவில்லை என்ற குறைகூறல். இவ்வட்டம் மீண்டும் மீண்டும் சுழன்றதை அவர் எடுத்துக் காட்டினார். கருவியைத் தெரிந்தோர் ஆசிரியர் அல்லர்; பழியை ஏற்றோர் மட்டும் ஆசிரியரே.

இதற்குத் தக்க சான்று பசுபிக் சமுத்திரத்திலுள்ள அமெரிக்க சமோவாத் தீவுகள். அங்கு 1961இல் ஆளுநராக வந்த றெக்ஸ் லீ, பாடசாலைகளின் தாழ்ந்த நிலையைக் கண்டு, அதனை விரைவில் மாற்றும் வழி தொலைக்காட்சியே எனத் தீர்மானித்தார். 1964இல் ஒளிபரப்புத் தொடங்கிற்று. மலையுச்சியிலிருந்த ஒலிபரப்புக் கோபுரத்துக்குச் செல்வதற்காகப் பாகோ பாகோத் துறைமுகத்துக்கு மேலாகக் கம்பி வழி ஊர்தியொன்றும் அமைக்கப்பெற்றது. நிலையத்திலிருந்து தேர்ந்த ஆசிரியர் பாடம் நடத்துவர். வகுப்பிலுள்ள சமோவா ஆசிரியர், அச்சிட்ட குறிப்பைப் பார்த்துப் பாடத்துக்கு முன்னும் பின்னும் செய்யவேண்டியதைச் செய்வார். கருவியில் குறையில்லை; பாடங்களும் முயற்சியோடு தயாரிக்கப்பட்டவை. ஆனால் தம் வகுப்பிலேயே ஆசிரியர் இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். காலஞ் செல்லச் செல்ல, பயிற்சியாலும் அனுபவத்தாலும் முன்னேறிய ஆசிரியர்கள், எதனை எப்பொழுது கற்பிப்பது என்பதைத் தாமே தீர்மானிக்க விழைந்தனர். 1970களில் தொலைக்காட்சி அங்கே தன் முதன்மையை இழந்து துணைக்கருவியாகச் சுருங்கியது. ஆசிரியரின் தன்னம்பிக்கை வளர்ந்தபோது, அவருக்கு மேலே நின்ற கருவி கீழிறங்க நேர்ந்தது.

இதற்கு மாறானதொரு முயற்சி இந்தியாவில் நடந்தது. 1975ஆம் ஆண்டு ஓகஸ்ட் முதலாந் திகதி தொடக்கம் 1976 யூலை இறுதிவரை, அமெரிக்காவின் செயற்கைக் கோளொன்றின் உதவியுடன், ஆறு மாநிலங்களிலுள்ள ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி எட்டிற்று. கோழிக்கூட்டுக்கு அடிக்கும் கம்பிவலையைப் போன்ற வலையால் அமைத்த, மூன்று மீற்றர் அகலமான வாங்கிகள் வானத்தை நோக்கி நின்றன. செய்மதி வழி ஒலிபரப்பை 1945இலேயே எழுத்தில் முன்மொழிந்த ஆர்தர் சி. கிளார்க் அப்பொழுது கொழும்பில் வாழ்ந்தார். இந்தியப் பொறியியலாளர் அவர் இல்லத்திலும் ஒரு வாங்கியை அமைத்துக் கொடுத்தனர்.

அத்திட்டத்திலே கவனத்துக்குரிய பகுதி ஒன்றுண்டு. பிள்ளைகளுக்கு நிகழ்ச்சிகளை ஒளிபரப்பியதோடு நில்லாமல், ஏறத்தாழ 50,000 தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு, இரு தொகுதிகளாக, ஒவ்வொன்றும் 12 நாட்கள் கொண்ட விஞ்ஞானப் பயிற்சியும் அளிக்கப்பட்டது. தொலைக்காட்சியில் ஒரு செய்முறையைக் கண்டனர்; வானொலியிற் கேட்டனர்; அச்சிட்ட ஏட்டைப் படித்தனர்; அதன்பின் தம் கையாற் செய்தும் பார்த்தனர். சமோவாவிற் கருவி ஆசிரியரைக் கடந்து பிள்ளையிடம் சென்றது. இங்கே அது ஆசிரியரிடமே வந்தது. பன்னிரண்டு நாளில் ஒருவர் விஞ்ஞான ஆசிரியராகிவிட முடியாது என்பது உண்மை. எனினும் எத்திசையிற் செல்லவேண்டும் என்பதை அம்முயற்சி காட்டிற்று.

கையாற் செய்து பார்த்தல் எதற்காக இத்துணை இன்றியமையாதது? இதற்கு விடை தந்தவர் உளநூல் அறிஞர் அல்பேட் பண்டூரா. ஒருவர் தம்மால் ஒரு செயலைச் செய்ய இயலும் எனக் கொள்ளும் நம்பிக்கை எங்கிருந்து பிறக்கின்றது என்பதை அவர் 1977இல் விளக்கினார். அந்நம்பிக்கைக்கு நான்கு ஊற்றுக்கள் உள. தாமே செய்து வெற்றிபெறுதல் ஒன்று. தம்மையொத்த பிறர் செய்து வெற்றிபெறக் காணுதல் மற்றொன்று. நம்பத்தக்கவர் சொல்லும் ஊக்கமொழி மூன்றாவது. உடலும் உள்ளமும் பதற்றமின்றி இருத்தல் நான்காவது. இந்நான்கனுள் முதலாவதே வலிமை மிக்கது.

இதனைப் பண்டூராவும் அவர்தம் துணைவரும் சோதித்த முறை தமிழர்க்கு எளிதில் விளங்கும். பாம்பென்றாற் படையும் நடுங்கும் என்பது பழமொழியன்றோ? பாம்புக்கு மிக அஞ்சுவோரை அவர்கள் தேர்ந்தனர். ஒரு சாரார், வேறொருவர் பாம்பைக் கையாள்வதைப் பார்த்து மட்டும் இருந்தனர். மறுசாரார், பழகியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க, படிப்படியாகத் தாமே தொட்டுப் பழகினர். பார்த்தவருக்கு அச்சம் ஓரளவு குறைந்தது. தொட்டவருக்கோ அச்சம் பெரிதும் அகன்றது. தம் ஆற்றலில் நம்பிக்கையும் உயர்ந்தது. எழும்பூர் உதவியாசிரியருக்கு மணலே பாம்பாயிற்று. தொட்டுப் பார்க்குமாறு அவர் பக்கத்திலிருந்து துணைசெய்தவர் எவரும் இல்லை. அவர் கேட்டது கட்டளை ஒன்றையே.

கணினி வகுப்பறைக்கு வந்தபொழுது இவ்வுண்மையை உணர்ந்தோர் சிலர் இருந்தனர். அமெரிக்காவில் சீமோர் பப்பேட்டும் அவர் துணைவரும் 1967இல் லோகோ என்னும் கணினி மொழியைச் சிறுவருக்கென அமைத்தனர். 1980இல் வெளியான தம் நூலிலே பப்பேட் வற்புறுத்திய கருத்து ஒன்று ஆசிரியர்க்கும் பொருந்துவது. கணினியிற் பிழை நேர்ந்தால் அது தோல்வியின் அடையாளமன்று. எங்கே பிழைத்தது எனத் தேடித் திருத்துவதே கற்றல் என்பது அக்கருத்து. மணலைத் தடவி மீண்டும் எழுதிய சிறுவனின் மனநிலையும் இதுவே.

ஆயினும் பயிற்சிச் சாலைகள் பலவற்றில் கணினி தனியொரு பாடமாகவே புகுந்தது. தட்டச்சும் கோப்பும் அட்டவணையும் கற்பிக்கப்பட்டன; பின்னம் கற்பிக்கவும், ஒளித்தொகுப்பு விளக்கவும் அதனை எவ்வாறு கையாள்வது என்பது கற்பிக்கப்படவில்லை. பொருளறிவு, கற்பிக்கும் முறை, கருவியறிவு ஆகிய மூன்றும் தனித்தனியே நின்றாற் பயனில்லை. அவை ஒன்றோடொன்று கலந்த இடத்திலேயே ஆசிரியரின் திறமை உள்ளது என மிஷ்ரா, கோலர் என்னும் இருவர் 2006இல் எடுத்துக் கூறினர். கணினியை நன்கு இயக்கத் தெரிந்த இளம் ஆசிரியர்கூட, வகுப்பின் முன் அதனைத் தொடத் தயங்குவதன் காரணம் இதனால் விளங்கும். தம் கையிலுள்ள தொலைபேசியில் அவர் நாள்முழுதும் விரலோட்டுவார். நாற்பது பிள்ளைகளின் முன் அதே விரல் நடுங்கும். கருவியைக் கையாளும் திறன் ஒன்று. அதனாற் கற்பிக்க வல்லேன் என்னும் நம்பிக்கை வேறொன்று.

இலங்கையில் 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தின் வழியாகத் தேசிய கல்வியியற் கல்லூரிகள் தோன்றின. இரண்டு ஆண்டுகள் கல்லூரி விடுதியில் தங்கிக் கற்றபின், மூன்றாம் ஆண்டிலே பாடசாலையொன்றிற் கட்டுறுபயிலுநராகப் பணியாற்றுவது அவற்றின் அமைப்பு. 1846இல் எழுந்த எண்ணத்தின் நீட்சியை இதிற் காணலாம். கோப்பாயிலும் வவுனியாவிலும் மட்டக்களப்பிலும் அட்டாளைச்சேனையிலும் மலையகத்துப் பத்தனையிலும் உள்ள கல்லூரிகள் தமிழ்மொழி ஆசிரியரை உருவாக்கி வந்துள்ளன. மூன்றாம் ஆண்டு உண்மையான சோதனைக் காலம். கல்லூரிக் கூடத்திற் கண்ட கருவி, அனுப்பப்பட்ட பாடசாலையில் இல்லாதிருக்கலாம். இருப்பினும் பூட்டிய அறையில் இருக்கலாம். பழுதாகிவிடும் என்ற பயத்தாற் கருவியைப் பூட்டிவைக்கும் பாடசாலையிலே, கருவி பழுதாவதில்லை; இளம் ஆசிரியரின் துணிவே பழுதாகின்றது.

தமிழ் ஆசிரியர்க்கு மொழியும் ஒரு தடையாக நின்றது. கருவியின் திரையும் ஏடும் பிறமொழியில் இருக்கும்பொழுது, தெரியாமை இரண்டாகத் தோன்றுகின்றது. கருவியும் தெரியவில்லை, மொழியும் தெரியவில்லை என ஒருவர் தம்மைத் தாழ்த்திக்கொள்கிறார். இத்தடையை நீக்க முடியும் என்பதற்கு யாழ்ப்பாணத்து மானிப்பாய் சான்றாகும். அங்கே மருத்துவர் சாமுவேல் கிறீன் 1860களில் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அதற்கு வேண்டிய நூல்களையும் சொற்களையும் தமிழில் ஆக்கினார். கத்தியும் மருந்தும் அந்நியமாயினும், அவற்றைப் பற்றிய சிந்தனை தாய்மொழியில் நிகழ்ந்தது. 1991இல் வெளிவந்த யுனிகோட் முறையில் தமிழும் இடம்பெற்றதால், கணினியிலே தமிழில் எழுதவும் தேடவும் வழி பிறந்தது. அவ்வழியைப் பயிற்சிக் காலத்திலேயே பழகிய ஆசிரியர், மொழியால் வரும் தாழ்வெண்ணத்திலிருந்து விடுபடுகின்றார்.

2020 மார்ச்சில் கொள்ளைநோய் காரணமாக இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, எல்லா ஆசிரியரும் ஒரேநாளில் கருவியின் முன் நிறுத்தப்பட்டனர். முதியோரும் இளையோரும், பழகியோரும் பழகாதோரும் ஒருங்கே பயிலுநராயினர். சமிக்ஞை தேடி ஆசிரியரும் பிள்ளைகளும் மலையேறிய செய்திகள் 2021இல் வெளிவந்தன. அக்காலத்தில் ஆசிரியர் பலருக்கு வழிகாட்டியாய் அமைந்தோர் உடன் கற்பித்த இளைய ஆசிரியரும், வீட்டிலுள்ள பிள்ளைகளுமே. எழும்பூரில் எட்டு வயதுச் சிறுவன் செய்ததை மீண்டும் சிறுவர் செய்தனர். ஆனால் இம்முறை ஆசிரியர் பலர் இயலாதென்று சொல்லவில்லை. பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து கற்றனர்.

வரலாறு முழுவதையும் தொகுத்து நோக்கின் ஒன்று புலனாகும். கருவியை வாங்குவது பணத்தால் ஆகும். கட்டளையிடுவது அதிகாரத்தால் ஆகும். ஆசிரியரின் நம்பிக்கையை இவ்விரண்டும் தரமாட்டா. பயிலும் காலத்திலேயே கருவியைத் தொட்டு, பிழைத்து, திருத்தி, பிள்ளைகளின் முன் ஒருமுறையேனும் வென்ற ஆசிரியர்க்கே அது வாய்க்கின்றது. பிழைப்பதற்கு இடந்தராத பயிற்சிச் சாலை, எத்துணை கருவிகளைக் கொண்டிருப்பினும், அஞ்சும் ஆசிரியரையே அனுப்பிவைக்கும்.

இது தமிழர்க்குப் புதிய செய்தியன்று. விசயதசமி நாளிலே பிள்ளைக்கு ஏடு தொடக்கும் பெரியவர், எழுத்தை எழுதிக் காட்டிவிட்டு விலகிக்கொள்வதில்லை. பிள்ளையை மடியிலிருத்தி, அதன் விரலைத் தம் கையாற் பற்றி, பரப்பிய அரிசியிலே எழுதுவிக்கின்றார். முதலெழுத்துக் கோணலாகத்தான் அமைகின்றது; அதற்காக எவரும் பிள்ளையைக் கடிந்துகொள்வதில்லை. நாளை கற்பிக்கப்போகும் இளைஞரின் விரலையும் எவரேனும் அவ்வாறு பற்றவேண்டும். பின்னர் தக்க வேளையிலே விட்டுவிடவும் வேண்டும்.